‘சரி’ என்ற சொல்லுக்கு நான்கு பொருள்: பணியிடப் பயிற்சி குறித்து ஒரு தொடக்க விளக்கம்

ஆம்பூரைச் சுற்றியுள்ள காலணித் தொழிற்சாலைகளில், கம்பெனி பஸ்கள் வந்து நின்று தையல் பிரிவில் இயந்திரங்கள் ஓடத் தொடங்குவதற்கு முன், சூப்பர்வைசர் தம் லைனுக்கு முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்லும் இரண்டு மூன்று நிமிடங்கள் உண்டு. அந்த நிமிடங்களில் சொல்லப்படுவது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சேராமல் போனால் மதியத்துக்குள் செக்கிங் மேசையில் தெரிந்துவிடும். நான் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஒரு நாள், “பிரவுன் ஆர்டர் ஏறுது, நூலை மாத்திக்குங்க” என்று மட்டும் சொல்லப்பட்டது. ஸ்டோரில் பிரவுன் நூல் இரண்டு இருந்தது. ஒன்று அடர்நிறம், மற்றது இளநிறம். லைனின் முற்பாதி ஒன்றைப் போட்டுத் தைத்தது, பிற்பாதி மற்றதைப் போட்டுத் தைத்தது. துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான். நூலை உருவினாலும் துளைகளின் வரிசை அப்படியே நிற்கும், அந்த அப்பரை (காலணியின் மேற்பாகத்தை) எந்த ஏற்றுமதி ஆர்டரிலும் சேர்க்க முடியாது. விசாரித்தபோது சூப்பர்வைசர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “சொன்னேன் சார், புரிஞ்சுதான்னும் கேட்டேன், எல்லாரும் சரின்னாங்க.” அவர் பொய் சொல்லவில்லை. லைனில் இருந்தவர்களும் பொய் சொல்லவில்லை.

இரு தரப்பிலும் பொய்யோ சோம்பலோ இல்லாமலே தவறு நடந்துவிடும் இந்த இடத்தில்தான், பணியிடத் தகவல் பரிமாற்றப் பயிற்சி என்று சொல்லப்படுவது தொடங்குகிறது. நம் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதும், மைக் பிடித்து மேடையில் கூச்சமின்றி நிற்பதும்தான். வேலூரிலும் காட்பாடியிலும் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் விளம்பரப்படுத்தப்படுகிறது. மேடைப் பேச்சு நல்ல கலை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேண்டியிருப்பது அதுவன்று. நாம் சொன்ன செய்தி, நாம் எண்ணிய அதே பொருளில், அதைக் கொண்டு வேலை செய்ய வேண்டியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதி செய்துகொள்வதும், அங்கிருந்து வரும் செய்தி நம் காதுக்கு வழி தெரிந்து வருமாறு வைத்துக்கொள்வதுமே இங்குத் திறன் எனப்படுகிறது.

தலைமை என்ற சொல்லுக்கும் இதே சங்கடம் உண்டு. தலைவர் என்றால் ஒலிபெருக்கியும் மாலையும் கண்முன் வரும் நாடு நம்முடையது. பணியிடத்தில் தலைமை என்பது, தம் கையால் செய்யாமல் பிறர் கையால் செய்து முடிக்க வேண்டிய வேலை எவரிடம் இருக்கிறதோ அவருடைய பொறுப்பு, அவ்வளவே. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு லைனின் சூப்பர்வைசர், இரவு வார்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த செவிலியர், நான்கு பையன்களை வைத்து ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் எல்லோரும் இந்தக் கணக்கில் தலைவர்களே. இந்தத் திறனைப் பிறவிக் குணமாக எண்ணும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. “அவனுக்கு ஆள் மேய்க்கத் தெரியும்” என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, தெரியாதவருக்குக் கற்றுத்தர முடியாது என்பதையும் நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தையலைப் போலவே, இதையும் கூறு கூறாகப் பிரிக்கலாம், செய்து காட்டலாம், செய்ய வைத்துத் திருத்தலாம்.

சரி என்றால் என்ன?

நம் பேச்சில் ‘சரி’ என்ற சொல் குறைந்தது நான்கு வேலைகளைச் செய்கிறது. காதில் விழுந்தது என்பதற்கும் சரிதான், விளங்கிற்று என்பதற்கும் சரிதான், உடன்படுகிறேன் என்பதற்கும் சரிதான், இத்தோடு விடுங்கள் நான் போக வேண்டும் என்பதற்கும் சரிதான். மேலதிகாரி கேட்கும்போது, அதிலும் நாற்பது பேர் முன்னிலையில் கேட்கும்போது, விளங்கவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாகவும் தம் அறியாமையின் அறிவிப்பாகவும் எண்ணி வளர்ந்தவர்கள் நாம். ஆகவே “புரிந்ததா?” என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே ஒரு பதில்தான் சாத்தியம், பதில் ஒன்றே ஒன்றாக இருக்கும் கேள்வியால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எந்தப் பயிற்சியிலும் முதல் நாளில் நான் சொல்வது, இந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிடுங்கள் என்பதுதான்.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, கேட்டவரையே திரும்பச் சொல்ல வைப்பது. இதில் புதுமை ஏதும் இல்லை. ரயில்வேயில் இது நெடுநாளைய நடைமுறை. இன்டர்லாக் வசதி (கேட் மூடினால்தான் சிக்னல் கொடுக்க முடியும் என்ற ஏற்பாடு) இல்லாத லெவல் கிராசிங்கில், வண்டி வருவதற்கு முன் கேட்டை மூடும்படி நிலைய அதிகாரி போனில் சொல்வார். கேட் கீப்பர் வெறுமனே “மூடிட்டேன்” என்று சொன்னால் அது கணக்கில் வராது. தம்மிடம் உள்ள தாளிலிருந்து ஒரு எண்ணை அவர் சொல்ல வேண்டும், அதை நிலைய அதிகாரி பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். நான் கேட்டேன், செய்தேன் என்பதற்குக் குரலோடு சேர்த்து ஓர் அடையாளமும் கொடுக்கப்படுகிறது. கேட் கீப்பரின் நேர்மையில் ஐயம் கொண்டு செய்த ஏற்பாடு அன்று அது. போனில் கேட்கும் ‘சரி’யின் நேர்மையில் ஐயம் கொண்டு செய்த ஏற்பாடு.

தையல் லைனில் எண் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திரும்பச் சொல்லச் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. “எங்க, நான் சொன்னதைச் சொல்லு பாக்கலாம்” என்றால் அது பள்ளிக்கூடத்துப் பெஞ்ச் மேல் ஏற்றுவது போலாகிவிடும்; வயதில் மூத்த பெண்மணியிடம் இளைய சூப்பர்வைசர் அப்படிக் கேட்டால் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான். குறையைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்: “அக்கா, நான் ஏதாவது விட்டுட்டனான்னு பாக்கணும், இப்ப எந்த நூலைப் போடப் போறீங்க, எங்கேர்ந்து எடுப்பீங்க, சொல்லுங்க.” கேள்வி ‘எது’, ‘எங்கே’, ‘எத்தனை’ என்று தொடங்கினால் அதற்குச் ‘சரி’ என்று பதில் சொல்ல முடியாது என்பதைக் கவனிக்கவும். நூல் நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் லைனில் இன்னொன்றும் வழக்கமானது. புது ஆர்டர் ஏறும் நாளில், சரியான நூலின் ஒரு சாண் துண்டை அப்பர் மாதிரியோடு சேர்த்து அட்டையில் ஒட்டி லைனின் தலைப்பில் தொங்கவிட்டோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் ஒரே லைனில் தமிழும் உருதும் தெலுங்கும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து தைக்கிறார்கள். நிறத்தின் பெயரை மூன்று மொழியில் சொல்வதைவிட நிறத்தையே காட்டிவிடுவது மேல்.

சொல்லிக் கொடுப்பதும் ஒரு வேலை

புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக் கொடுக்கும் விதத்தில் நம் தொழிற்கூடங்களில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் உட்கார வைத்து, “பாத்துக்கினே இரு, வந்துடும்” என்று விட்டுவிடுவது. மற்றது, அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு இயந்திரத்தில் உட்கார வைப்பது. முதலாவதில் கற்றுக்கொள்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் பார்க்கிறார். இரண்டாவதில் கேட்டதெல்லாம் கைக்கு வருமுன் காதிலிருந்து போய்விடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு ஒழுங்கான விடை ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது உருவாயிற்று. 1940-ல் அமெரிக்காவில் போர்த்தளவாட உற்பத்திக்காகப் பழக்கமில்லாத தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்குள் வந்தபோது, அவர்களை விரைவில் தயார் செய்வதற்காக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ‘தொழிற்சாலைக்குள் பயிற்சி’ என்று பொருள்படும் அத்திட்டம் 1945 வரை நடந்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்றிதழ் பெற்றார்கள். கவனிக்க வேண்டியது யாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதுதான். புதிய தொழிலாளர்களுக்கு நேரடியாகக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு மேலிருந்த சூப்பர்வைசர்களுக்கும் முன்னிலைத் தொழிலாளர்களுக்கும், வேலையைக் கற்றுக் கொடுப்பது எப்படி, ஆட்களோடு நடந்துகொள்வது எப்படி, வேலை முறையை மேம்படுத்துவது எப்படி என்று மூன்று சிறு பாடங்களைப் பத்துப் பத்து மணி நேரத்தில் கொடுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போயிற்று. 1950-களில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

அதில் கற்றுக் கொடுக்கும் பாடத்துக்கு நான்கு படிகள்: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், செய்து காட்டுதல், செய்யவிட்டுப் பார்த்தல், பின்தொடர்ந்து கவனித்தல். பெயரளவில் எளியவை, கையில் எடுத்தால்தான் அருமை தெரியும். ஸ்கைவிங் வேலையை எடுத்துக்கொள்வோம். அப்பர் துண்டுகளை மடித்தும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தும் தைக்கும் இடத்தில் தடிப்பு ஏறாமல் இருக்க, தோலின் விளிம்பை உட்புறமாக மெல்லிதாகச் சீவுகிற வேலை அது. பத்தாண்டு அனுபவமுள்ள அக்காவிடம் கேட்டால், “இதுல இன்னா இருக்குது, வச்சித் தள்ள வேண்டியதுதான்” என்பார். அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான். கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிய எவருக்கும், கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் போய்விடுகிறது. கைதேர்ந்தவர் நல்ல ஆசிரியராகத் தாமாகவே ஆகிவிடாததற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே கற்றுக் கொடுப்பதற்கு முன் அந்த அக்காவும் பயிற்சி தருபவரும் உட்கார்ந்து, வேலையை ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுத வேண்டும். முதல் பத்தியில் படிகள்: கழிவுத் துண்டில் சீவிப் பார்ப்பது, அப்பர் துண்டை வைப்பது, ஒரே சீராகத் தள்ளுவது, விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது. இரண்டாம் பத்தியில் ஒவ்வொரு படியிலும் உயிர்நாடியான ஒரு சங்கதி: சீவப்படுவது உட்புறமா என்று பார்க்க வேண்டும், வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாம் பத்தியில் அதன் காரணம்: மேற்புறம் சீவப்பட்டால் துண்டே வீண், வளைவில் அவசரப்பட்டால் விளிம்பு ஓரிடத்தில் மெலிந்து, பின்னால் லாஸ்டிங்கில், அதாவது அப்பரைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்தும்போது, அங்கேதான் கிழியும். காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், உற்பத்தி எண்ணிக்கைக்கு நெருக்கடி வரும் முதல் நாளிலேயே அந்த விதி கைவிடப்படும். காரணம் தெரிந்தவர் எதைக் கைவிடலாம், எதைக் கூடாது என்று தாமே தீர்மானிப்பார்.

பிறகு செய்து காட்டுவது. ஒரு முறை படிகளைச் சொல்லிக்கொண்டே, மறுமுறை முக்கியச் சங்கதிகளைச் சேர்த்து, மூன்றாம் முறை காரணங்களையும் சேர்த்து. அடுத்து இடம் மாறி, கற்பவர் செய்கிறார். முதலில் வாய் திறக்காமல் செய்யவிட்டுப் பிழையை உடனே திருத்த வேண்டும், பின்னர் அவரே படியையும் சங்கதியையும் காரணத்தையும் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். கற்பவரின் வாயிலிருந்து காரணம் வருகிறபோதுதான் பாடம் கைமாறியிருக்கிறது. நான்காவது படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐயம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆளைக் காட்டிவிட்டு, முதல் நாள் அடிக்கடியும் பின்னர் விட்டு விட்டும் போய்ப் பார்க்க வேண்டும். கற்பவர் கற்கவில்லையென்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. “எத்தினி வாட்டி சொல்றது?” என்று சலித்துக்கொள்ளும் சூப்பர்வைசருக்கு அது கசப்பான மருந்து.

கீழிருந்து மேலே

இதுவரை பேசியது மேலிருந்து கீழே போகும் செய்தி பற்றி. கீழிருந்து மேலே வர வேண்டிய செய்தி அதைவிட அரிதானது, பெரும்பாலும் அதைவிட விலையுயர்ந்தது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை; கோட்டைச் சுவரே நிற்கிறது. 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்கள் எழுச்சிக்குப் பல காரணங்கள் உண்டு, திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்ததும் அவற்றில் ஒன்று. ஆயினும் உடனடிக் காரணம், நெற்றிச் சின்னங்களைத் தடுத்தும், தோல் அலங்காரம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கியும் போடப்பட்ட ஆணை. மே மாதத்திலேயே சிப்பாய்கள் மறுப்புத் தெரிவித்தார்கள். மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடப்பதாக அதிகாரியிடமே சொன்னார். சித்தம் கலங்கியவர் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது எழுச்சிக்குப் பிறகுதான். அந்நிய ஆட்சியை எதிர்த்த போரை நிர்வாகப் பாடமாகச் சுருக்குவது என் நோக்கமன்று. முதலில் குறை சொன்னவரை அடித்த இடத்தில் இரண்டாவதாக வந்து சொல்பவர் பைத்தியக்காரராகத்தான் தெரிவார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

இன்றைய தொழிற்கூடத்தில் கசையடி இல்லை. ஆனால் ஊசி சூடேறி நூல் அறுகிறது என்று வந்து சொன்ன பெண்ணிடம், “உனக்கு மட்டும்தான் அறுக்குதா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த பழுதை அந்த லைனில் எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தலைமைப் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து: கெட்ட செய்தி கொண்டு வருபவரிடம் முகம் மாறாமல் முதலில் “நல்லவேளை இப்பவே சொன்னீங்க” என்று சொல்லிப் பழகுவது. அரை நொடி வேலை. பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

மேலே சொல்பவருக்கும் ஒரு வடிவம் தேவை. மருத்துவமனைகளில் இதற்கென ஒரு முறை வந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு, 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பின் வழியாக மருத்துவத்துக்குள் வந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எஸ்பார்’ என்கிறார்கள். இப்போது என்ன நிலைமை, இதற்குமுன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் இந்த வரிசையில் சொல்வதே அந்த முறை. வேலூரில் இதன் அருமையை எளிதில் உணரலாம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். சுற்றுத் தெருக்களில் கடைப் பலகைகள் வங்காள மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. நோயாளியின் மொழி ஒன்று, செவிலியரின் மொழி ஒன்று, டாக்டரின் மொழி ஒன்று என்று இருக்கும் ஊரில், செய்தி ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும்போது சிதறாமல் இருக்கப் பாத்திரம் ஒன்று வேண்டும்.

எந்த ஊர் மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய இரவு போன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். “சார், பதினாலாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காரு சார், பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு, கொஞ்சம் பாக்கறீங்களா சார்?” தூக்கத்திலிருந்து எழுந்தவர் “சரி, கவனிச்சுக்கங்க, காலையில பாக்கறேன்” என்று சொல்ல இந்தப் பேச்சில் எல்லா வசதியும் இருக்கிறது. அதையே இப்படிச் சொல்லலாம்: “சார், பதினாலாம் பெட், பி.பி. இப்ப 90-க்கு 60, நாடி 124. காலையில வயித்துல ஆபரேஷன் ஆனவர், சாயங்காலம் பி.பி. 130-க்கு 80 இருந்தது, கடைசி ரெண்டு மணி நேரத்துல யூரின் ரொம்பக் குறைஞ்சிருக்கு. உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?” இரண்டாவது பேச்சு முழுதாக அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த நான்கில் நம்மவர்களுக்குத் தொண்டையில் சிக்குவது மூன்றாவது. ‘நான் நினைக்கிறேன்’ என்று டாக்டரிடம் சொல்ல ஓர் இளம் செவிலியருக்குத் துணிவு எங்கிருந்து வரும்? நினைப்பதும் முடிவு செய்வதும் பெரியவர்கள் வேலை என்ற வளர்ப்பு சட்டென்று குறுக்கே நிற்கிறது. வடிவத்தின் பயன் இங்கேதான். ‘நான் நினைக்கிறேன்’ என்று சொல்வது அதிகப்பிரசங்கம் இல்லை, படிவத்தில் இருக்கிற மூன்றாவது கட்டம் என்று ஆகிவிடும்போது, அதைச் சொல்லாமல் விடுவதுதான் குறையாகிறது. பாத்திரம் கொடுத்த துணிவு என்று வைத்துக்கொள்ளலாம். தோல் ஷாப்பிலும் இயந்திரப் பட்டறையிலும் இதே நான்கு கட்டத்தை அப்படியே பயன்படுத்தலாம். “மெஷின் சரியில்ல சார்” என்பதற்கும், “காலையிலேர்ந்து மூணு ஊசி உடைஞ்சிருக்கு, நேத்து ஷிப்ட்ல லூப்பர் மாத்தினாங்க, டைமிங் நகர்ந்திருக்கும்னு நினைக்கிறேன், மெக்கானிக் வரணும்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவரிடம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆட்களோடு நடந்துகொள்வது

முன்சொன்ன போர்க்காலப் பயிற்சியின் இரண்டாம் பாடத்தில், ஆட்களோடு உறவு கெடாமலிருக்க நான்கு அடித்தளங்கள் சொல்லப்பட்டன: ஒவ்வொருவருக்கும் அவர் வேலை எப்படி இருக்கிறது என்று தெரியப்படுத்துவது, பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவது, ஒருவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது, ஒவ்வொருவரின் திறமையையும் முழுதாகப் பயன்படுத்துவது. மூன்றாவதை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் நம் பகுதித் தொழிற்சாலைகளில் மனக்கசப்பின் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. மாலை ஐந்து மணிக்கு “இன்னிக்கு ஓ.டி. இருக்குது” என்று அறிவிப்பது உற்பத்திப் பிரிவுக்கு ஒரு வரிச் செய்தி. லைனில் தைக்கும் பெண்ணுக்கு அது பஸ் தவறுவது, பால்வாடியிலிருந்து பிள்ளையை யார் அழைத்து வருவது, வீட்டில் என்ன பதில் சொல்வது என்ற மூன்று கேள்விகள். ஆர்டர் நெருக்கடி திங்கட்கிழமையே தெரிந்திருந்தும் வியாழக்கிழமை மாலையில் சொல்வது, பாதிக்கப்படுபவர் கணக்கில் இல்லை என்று சொல்வதற்குச் சமம். முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட்டால் அதே ஓ.டி. முணுமுணுப்பில்லாமல் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தவறைச் சுட்டிக்காட்டுவதற்கும் ஒரு வாகு இருக்கிறது. “உனக்குக் கவனமே கிடையாது” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதைக் கேட்டவரால் ஒன்றும் செய்ய முடியாது, மனம் நோவதைத் தவிர. “இந்த மூணு அப்பர்ல தையல் விளிம்பை விட்டு உள்ளே போயிருக்குது, லாஸ்டிங்ல அந்த இடம் மடியும், கைடைப் பாத்து வச்சித் தைங்க” என்பது கண்ட செய்தி, அதன் விளைவு, அடுத்துச் செய்ய வேண்டியது என மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. முந்தையதை லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்வதும் பிந்தையதை இயந்திரத்தின் அருகில் குனிந்து சொல்வதும் வழக்கமாக நடக்கின்றன என்பதால், குரலின் அளவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று புது சூப்பர்வைசர்கள் நம்புகிறார்கள். 1969-ல் அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர்களான பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் இதற்கு நேர்மாறானதைச் சொன்னார்கள்: ஒருவர் அந்த வேலையில் எவ்வளவு தேர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து நம் நடத்தை மாற வேண்டும். நேற்று வந்தவருக்குப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். எட்டாண்டு தைத்தவருக்கு அப்படிச் சொன்னால் அவமதிப்பு. ஆனால் அதே எட்டாண்டு அனுபவக்காரரைப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் தையல் இயந்திரத்தில் உட்கார வைத்தால், அன்றைக்கு அவரும் நேற்று வந்தவரே.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தையல் பிரிவுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் கைவேகம் மிக்க ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் “இன்னிலேர்ந்து நீங்கதான் சூப்பர்வைசர்” என்று பேட்ஜ் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு இன்று வேலை சொல்ல வேண்டும். எப்படி என்று எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆறு மாதத்தில் அவர் மனம் நொந்து மீண்டும் மெஷினுக்கே போகிறார். “பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது” என்ற பேச்சுக்கு இன்னொரு சான்றும் கிடைத்துவிடுகிறது. இயந்திரத்துக்கு ஊசி மாற்றவே ஒரு வாரம் பயிற்சி கொடுக்கும் இடத்தில், பன்னிரண்டு பேரை ஒப்படைக்க ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காதது யாருடைய தவறு?

பயிற்சியை எப்படி அமைப்பது

ஹோட்டல் அரங்கில் ஒரு நாள் முழுக்க, ப்ரொஜெக்டரும் பிரியாணியும் வைத்து, சான்றிதழ் கொடுத்து முடிக்கும் பயிற்சியே பொதுவாக நடக்கிறது. பிரியாணியைப் பற்றி ஆம்பூரில் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பயிற்சியில் மிஞ்சுவது குறைவு. படித்தது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதைத் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-ல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாள்களிலுமே நிகழ்ந்துவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்குத் தடுப்பு. ஆகவே ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் செலவிடுவதைவிட, வாரத்துக்கு அரை மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் வைப்பது பயன் தரும். அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் சொல்வது, மீதி நேரம் லைனில் நடந்த ஒன்றையே எடுத்து நடித்துப் பார்ப்பது, போகும்போது அந்த வாரத்தில் செய்ய வேண்டிய ஒரே ஒரு பழக்கத்தைக் கையில் கொடுப்பது, அடுத்த வாரம் வந்ததும் அதைப் பற்றியே முதலில் கேட்பது. நடித்துப் பார்ப்பதில் முதல் இரண்டு வாரம் சிரிப்பும் கூச்சமும்தான் இருக்கும். மூன்றாம் வாரத்தில் யாராவது ஒருவர் தம் மேலதிகாரியைப் போலவே பேசிக் காட்டுவார். அப்போது தொடங்குகிறது பாடம்.

பயன் கிடைத்ததா என்று அறிய, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைக் கணக்கு இன்றும் போதுமானது. வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, அதனால் வேலையின் விளைவு மாறியதா என்பவை அந்த நான்கு. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. படிவத்தில் ‘மிக நன்று’ என்று குறி போடுவதும் ஒருவகைச் ‘சரி’தான். மூன்றாம் நிலையைப் பார்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பயிற்சிக்கு வந்த சூப்பர்வைசர் காலையில் லைன் முன் பேசும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரமாக நின்று, அவர் “புரிந்ததா?” என்று எத்தனை முறை கேட்டார், ‘எது’, ‘எங்கே’ என்று எத்தனை முறை கேட்டார், லைனிலிருந்து எத்தனை கேள்வி வந்தது என்று மூன்று கோடு போட்டு எண்ணினால் போதும். நான்காம் நிலைக்குச் செக்கிங் மேசையின் மறுவேலைப் பதிவேடு இருக்கவே இருக்கிறது. ஆனால் ஆர்டரின் கடினத்தன்மை, தோலின் தரம், புது ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் அந்த எண்ணை ஆட்டும் என்பதால், ஒரு மாதக் குறைவை வைத்துப் பயிற்சியைப் புகழவும் கூடாது, ஒரு மாத ஏற்றத்தை வைத்துக் கைவிடவும் கூடாது.

பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் ராணிப்பேட்டைப் பட்டறைக்காரரோ, குடியாத்தத்தில் தறி ஓட்டுபவரோ பயிற்சியாளரை அழைத்துவரச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும், காலையில் பத்து நிமிடமும் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் வாரம், வேலை சொன்னபின் ஒருவரை மட்டும் திரும்பச் சொல்லக் கேட்பது. யார் என்ன சொன்னார், நாம் எண்ணியதிலிருந்து அது எங்கே விலகியது என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது. நான் முதன்முதலில் இதை எங்கள் லைனில் செய்து பார்த்தபோது, ஆறு நாளில் நான்கு நாள் விலகல் இருந்தது. அவற்றில் மூன்றில், வேலையைச் சொன்ன நானே ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.